பழைய லேத்துகளின் எண்ணெய்த் துளைகள்

எண்ணெய்த் துளை என்பது இயந்திரத்தில் ஒன்றோடொன்று உராயும் பகுதிகளுக்கு மசகு எண்ணெய் சென்று சேர்வதற்காக அதன் உடலில் இடப்பட்ட வழி. உலோகம் கடையும் லேத் எனப்படும் கடைசல் இயந்திரத்தில், இத்தகைய வழிகள் பல இருக்கும். சில இடங்களில் அது வெறும் துளை. சில இடங்களில் மூடியுள்ள பித்தளைக் கிண்ணம், பந்து அடைத்த முனை, கிரீஸ் நிப்பிள், கைப்பம்பு என்று வடிவம் மாறும். அம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று நீளும் சென்னையின் வடமேற்குத் தொழில் வட்டாரத்தில் பல தலைமுறை லேத்துகள் அருகருகே ஓடுவதால், நூறாண்டு கால வளர்ச்சியில் உருவான இந்த வடிவங்கள் எல்லாமே இன்றும் புழக்கத்தில் உள்ளன. இவற்றின் வரலாறு ஒரே கேள்வியைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. எண்ணெய் விடும் பொறுப்பு டர்னருடையதா, இயந்திரத்தினுடையதா, முதலாளியுடையதா என்பதே அது.

மசகு

தொழிற்பயிற்சி நிலையப் பாடங்களில் ‘மசகிடுதல்’, ‘உயவிடுதல்’ என்ற சொற்கள் உள்ளன. பட்டறைப் பேச்சில் ‘ஆயில் போடுவது’, ‘கிரீஸ் அடிப்பது’ என்பார்கள். மசகு என்ற சொல் இயந்திரங்கள் வருவதற்கு முன்பே மாட்டுவண்டியோடு இருந்தது. வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் கெட்டியான கறுப்பு மை கிடைக்கும். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சில் அந்த மையைத் தடவி மீண்டும் மாட்டுவார்கள். வண்டி அச்சுக்குத் துளை கிடையாது. மசகிட வேண்டுமானால் வண்டியை நிறுத்தியாக வேண்டும், ஓரளவு பிரித்தும் ஆக வேண்டும்.

எண்ணெய்த் துளை மாற்றியது இதைத்தான். பிரிக்காமலே எண்ணெய் இட முடிந்தது. நிறுத்தாமலும் இட முடிந்தது. இந்த இரண்டாவது வசதி பின்னர் பலரின் கைவிரல்களைப் பறித்த வசதியாகவும் ஆயிற்று.

மரக் கடைசல் தமிழகத்தில் பழைய தொழில். பொம்மை, செப்பு, கட்டில் கால் ஆகியவற்றைக் கடைந்தவர்கள் மரத்தை இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே நிறுத்திக் கயிற்றால் சுழற்றினார்கள். முனை மரத்தைத் தொடும் குழியே அந்தக் கருவியில் எண்ணெய் வேண்டிய இடம். உலோக லேத்திலும் இதே அமைப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. டெயில்ஸ்டாக்கில் உள்ள சுழலாத ‘டெட் சென்டர்’ வேலைப்பொருளின் குழியில் ஊன்றி நிற்கும், பொருள் அதன்மேல் சுழலும். சென்டர் டிரில் கொண்டு இடும் குழியின் அடியில் ஒரு சிறு துளை கூடுதலாக விழுவதைப் பார்க்கலாம். கூர்முனை அடியில் முட்டாமல் இருக்க உதவும் அந்தச் சிறு துளை, எண்ணெயைத் தேக்கி வைக்கும் கிண்ணமாகவும் பயன்பட்டது. பேரிங் வைத்த சுழலும் சென்டர் பரவிய பிறகு இந்தப் பயன் மறைந்துவிட்டது. சென்டர் டிரில்லின் வடிவம் மட்டும் மாறவில்லை.

லேத் வளர்ந்தபோது

ஹென்றி மாட்ஸ்லி இங்கிலாந்தில் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய திருகு வெட்டும் லேத், வெட்டுளியைக் கையிலிருந்து எடுத்து ஒரு நகரும் தாங்கியில் பொருத்தியது. கையால் பிடித்த உளிக்கு எண்ணெய் தேவையில்லை. தாங்கி நகர்வதற்குப் பெட்டின் மேல் வழித்தடம், அதன் மேல் சேடில், குறுக்கே நகரும் கிராஸ் ஸ்லைடு, இவற்றை இழுக்கும் லீட் ஸ்குரூ, அதைப் பற்றும் அரை நட்டு, ஏப்ரனுக்குள் பற்சக்கரங்கள் என்று உராயும் இடங்கள் பெருகின. துல்லியம் கூடியபோது எண்ணெய்த் துளைகளும் கூடின.

அன்றைய எண்ணெய்கள் பெரும்பாலும் தாவரமும் விலங்கும் தந்தவை. ஐரோப்பாவில் மாட்டுக் கொழுப்பு, ஆலிவ் எண்ணெய், திமிங்கில எண்ணெய் ஆகியவை. இந்தியாவில் விளக்கெண்ணெய். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை 1856 ஜூலை 1 அன்று ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், இன்றைய ஆவடி, திருவள்ளூர் வழியாகத்தான் சென்றது. இந்திய ரயில்வேக்களில் 19ஆம் நூற்றாண்டில் விளக்கெரிக்கவும் மசகிடவும் விளக்கெண்ணெய் பயன்பட்டது. அது நல்ல வழவழப்புள்ள எண்ணெய்தான். ஆனால் காற்றுபட்டு நாளானால் தடித்துப் பிசுபிசுத்து வழியை அடைக்கும். அமெரிக்காவில் 1859இல் பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்ட பின் கனிம எண்ணெய் மெல்ல மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. குறுகிய துளைகள், நுண்ணிய வடிகால்கள் ஆகியவற்றை லேத் வடிவமைப்பாளர்கள் நம்பிப் பயன்படுத்த முடிந்ததற்கு இந்த மாற்றமும் ஒரு காரணம்.

டவரின் மரக்கட்டை

எண்ணெய்த் துளை எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நீண்ட காலம் பதில் எளிதாகத் தோன்றியது. எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே. எடை தாங்கும் இடத்துக்குத்தானே எண்ணெய் வேண்டும்? இந்தப் பதில் தவறு என்பது ஒரு தற்செயலால் தெரிந்தது.

பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக 1880களின் தொடக்கத்தில் பீச்சம் டவர் ரயில் அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்தபடி சுழன்றது, மேலே பித்தளைப் பேரிங் எடையைத் தாங்கியது. அந்தப் பித்தளையின் உச்சியில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை இட்டார். இயந்திரத்தை ஓட்டியதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே இறங்குவதற்குப் பதிலாக வெளியே பொங்கியது. துளையை மரக்கட்டையால் அடைத்தார். எண்ணெய் கட்டையையும் மெல்லத் தள்ளி வெளியேற்றியது. அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தியபோது அது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கும் மேல் காட்டியது. பேரிங் தாங்கிய சராசரி அழுத்தம் அதில் பாதிதான்.

சுழலும் தண்டே எண்ணெயை இழுத்துச் சென்று, குறுகும் இடைவெளிக்குள் திணித்து, அழுத்தமுள்ள ஒரு படலத்தை உண்டாக்குகிறது என்பதையும், உலோகம் உலோகத்தைத் தொடாமல் தண்டு அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது என்பதையும் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் 1886இல் கணித வழியில் விளக்கினார். எண்ணெயை அழுத்தம் குறைந்த பக்கத்தில்தான் விட வேண்டும். அழுத்தம் மிகுந்த பக்கத்தில் இடும் துளை எண்ணெயை உள்ளே விடாது. உருவான படலத்தையும் அது ஒழுகவிட்டுவிடும்.

லேத்துக்கு இது பொருந்தும் விதம் ஆர்வமூட்டக்கூடியது. டர்னரின் பக்கம் நிற்கும் வெட்டுளியை வேலைப்பொருள் கீழ்நோக்கி அழுத்துகிறது. அதற்கு எதிர்விசையாக உளி வேலைப்பொருளை மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே கனமான வெட்டு எடுக்கும்போது ஸ்பிண்டில் பேரிங்கின் மேல் மூடியை நோக்கி எழும்ப முயல்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை வைக்க வசதியான இடமும் அந்த மேல் மூடிதான். ஆபரேட்டரின் வசதியும் இயற்பியலும் இங்கே மோதின. அமெரிக்காவின் சவுத் பெண்ட் நிறுவனம் பல லேத்துகளில் இதற்கு ஒரு வழி கண்டது. பேரிங்கின் அடியில் எண்ணெய்த் தொட்டியை வைத்து, வில் தாங்கிய ஃபெல்ட் திரி ஒன்று கீழிருந்து எண்ணெயை உறிஞ்சி ஸ்பிண்டிலைத் தடவிக்கொண்டே இருக்கும்படி செய்தது.

துளை, திரி, பந்து, நிப்பிள்

வெறும் துளையின் முதல் எதிரி தூசி. லேத்தில் தூசி என்றால் வார்ப்பிரும்புப் பொடி. அது எண்ணெயோடு கலந்தால் சாணைக் கல்லில் இடும் பசையைப் போலத் தேய்க்கும். ஆகவே துளைக்கு மூடி வந்தது. மரமுளை, திருகு, பின்னர் வில்லில் மூடிக்கொள்ளும் மூடியுள்ள பித்தளைக் கிண்ணம். அடுத்து வந்த பந்து முனை மிக எளிமையானது. துளையின் வாயில் ஒரு சிறு எஃகுக் குண்டு, அதன் அடியில் ஒரு வில். ஆயில் கேனின் மூக்கால் அழுத்தினால் குண்டு இறங்கி வழிவிடும், எடுத்தால் மூடிக்கொள்ளும்.

திரி வைத்த கிண்ணம் தனி இனம். கிண்ணத்தின் நடுவில் எண்ணெய் மட்டத்துக்கு மேல் உயர்ந்த ஒரு குழாய் இருக்கும். கம்பளி நூல் திரியின் ஒரு முனை எண்ணெயில், மறுமுனை குழாய்க்குள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசையால் எண்ணெய் ஏறி, குழாயின் வழியே சொட்டும். அழுக்கு கிண்ணத்திலேயே தங்கிவிடுவதால் திரி வடிகட்டியும் ஆகிறது. இதன் குறை, இயந்திரம் நின்றாலும் எண்ணெய் நிற்காது என்பது. திரியை மறக்காமல் தூக்கி வைக்க வேண்டும். நீராவி ரயில் இன்ஜின் ஓட்டுநர்களுக்கு இது அன்றாட வேலை. கண்ணாடிக் குழலில் சொட்டுகள் விழுவது தெரியும்படி, ஊசி வால்வால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கிண்ணங்கள் இந்தத் தொல்லையை ஓரளவு தீர்த்தன. நீராவி இன்ஜின்களுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்ற எலைஜா மெக்காய், அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து தப்பிச் சென்ற பெற்றோருக்குக் கனடாவில் பிறந்தவர். பொறியியல் படித்திருந்தும் அவருக்கு ரயில்வேயில் கிடைத்தது கரி அள்ளிப்போட்டு எண்ணெய் விடும் வேலை. எண்ணெய் விடும் தொல்லையை அறிந்தவரே அதைத் தீர்க்க முயன்றார்.

கிரீஸ் நிப்பிளின் கதை லேத்தில் தொடங்கவில்லை. சிகாகோவில் ஆர்தர் குல்போர்க் உருவாக்கிய அலமைட் முறை, கிரீஸை உயர் அழுத்தத்தில் துப்பாக்கி போன்ற கருவியால் செலுத்தியது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆஸ்கர் செர்க், கருவியை அழுத்திப் பிடித்தாலே போதும் என்ற அளவுக்கு அதன் முனையை எளிமையாக்கினார். 1929இல் காப்புரிமை கிடைத்த அந்தச் சிறு முனைதான் இன்று டிராக்டரிலும் லாரியிலும் காணப்படும் நிப்பிளின் முன்னோடி. மோட்டார் வாகனத்துக்காகப் பிறந்த அது, மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்ததால் லேத்துக்குள் நுழைந்தது. அந்த நுழைவு முழுக்க நல்லதாக அமையவில்லை என்பதைப் பின்னர் காணலாம்.

தலைக்கு மேல் ஓடிய தண்டு

ஒவ்வொரு லேத்துக்கும் தனி மோட்டார் வருவதற்கு முன், ஒரே நீராவி இன்ஜினோ ஆயில் இன்ஜினோ பட்டறை முழுவதையும் ஓட்டியது. கூரையை ஒட்டி நீண்ட தண்டு சுழலும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு லேத்தின் கோன் புல்லியையும் சுற்றும். 19ஆம் நூற்றாண்டின் ரயில்வே பணிமனைகள் இப்படித்தான் இயங்கின. அந்தத் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் வேண்டும். தண்டை நிறுத்தினால் பட்டறையே நிற்கும். ஆகவே ஓடும்போதே ஒருவர் ஏணியில் ஏறி எண்ணெய் விட்டார். பெரும்பாலும் சிறுவர்களுக்கே அந்த வேலை கொடுக்கப்பட்டது. வேட்டியின் நுனியோ சட்டைக் கையோ பெல்ட்டில் சிக்கினால் பிறகு பேச ஒன்றுமில்லை.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு இந்த ஆபத்தை நேரடியாகக் கையாண்டது. ஓடும் இயந்திரத்தில் பரிசோதித்து எண்ணெய் விட வேண்டிய தேவை ஏற்பட்டால், அதற்கெனப் பயிற்சி பெற்ற, பதிவேட்டில் பெயர் உள்ள வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே அதைச் செய்யலாம் என்றது. அவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆடையை முதலாளி வழங்க வேண்டியிருந்தது. பெண்களும் 18 வயது நிரம்பாதவர்களும் ஓடும் இன்ஜினையோ விசை கடத்தும் தண்டுகளையோ துடைக்கவும் எண்ணெய் விடவும் கூடாது என்றும் அது விதித்தது. எண்ணெய் விடுவதற்கு உரிய ஆடையைச் சட்டமே குறிப்பிடும் அளவுக்கு அந்த வேலை ஆபத்தானதாக இருந்தது.

ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘தொழிற்சாலை’ என்பது, மின்விசை பயன்படுத்தும் இடமானால், பொதுவாக 10 பேராவது வேலை செய்யும் இடமாக இருந்தது. இரண்டு லேத்தும் நான்கு பேரும் உள்ள பட்டறை அந்த வரையறைக்கு வெளியே நின்றது. சாலையோர லேத் பட்டறைகளில் பெரும்பாலானவை இத்தகையவையே.

அம்பத்தூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை

சென்னையின் வடக்கிலும் மேற்கிலும் விடுதலைக்குப் பின் வளர்ந்த வாகனத் தொழில்தான் இந்த வட்டாரத்தில் லேத்துகளைக் குவித்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வேரூன்றிப் பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும நிறுவனங்கள் வந்தன. இவற்றுக்குப் புஷ், பின், தண்டு, வளையம் என்று சிறு பாகங்களைக் கடைந்து கொடுக்க ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. 1964இல் சுமார் 1,300 ஏக்கரில் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை அந்தத் தேவையின் மையமாயிற்று. சிட்கோ, சிப்காட் நிறுவனங்கள் உருவான பின் காக்களூர், திருமழிசை, விச்சூர், கும்மிடிப்பூண்டி ஆகிய இடங்களுக்கும் தொழில் பரவியது. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிக்கப்பட்டபோது அம்பத்தூர் அதில் இருந்தது, 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்ட எல்லை மாறியதால் பட்டறைகளின் உறவு மாறவில்லை. காக்களூரில் கடைந்த பொருள் அம்பத்தூருக்குத்தான் போகிறது.

இங்கு வந்த லேத்துகள் பல ஊர்களுடையவை. ஹரிஹரில் 1941இல் தொடங்கிய மைசூர் கிர்லோஸ்கர், 1953இல் பெங்களூரில் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கிய எச்.எம்.டி., கோயம்புத்தூரின் பி.எஸ்.ஜி., பஞ்சாபின் படாலா, லூதியானா, குஜராத்தின் ராஜ்கோட் ஆகியவை அவற்றில் சில. எண்ணெய் முனைகளைப் பார்த்தே இவற்றின் தரத்தை ஓரளவு சொல்லிவிடலாம். எச்.எம்.டி. போன்ற பெரிய நிறுவனங்களின் லேத்தில் ஹெட்ஸ்டாக் மூடிய எண்ணெய்த் தொட்டி. பற்சக்கரங்களே எண்ணெயை வாரி இறைக்கும், முகப்பில் உள்ள வட்டக் கண்ணாடி மட்டத்தைக் காட்டும். எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் என்று குறிக்கும் தகடு உடலில் பதித்திருக்கும். மலிவான கோன் புல்லி லேத்தில் புஷ்ஷின் மேல் ஒரு துளை மட்டுமே இருக்கும், தகடு கிடையாது. வாங்கும்போது விலையில் மிச்சமானதை டர்னர் தினமும் ஆயில் கேனோடு ஈடுகட்ட வேண்டியிருந்தது.

தகடு இருந்த லேத்திலும் அது நெடுநாள் நிலைப்பதில்லை. ஆயுத பூஜைக்கு முன் பட்டறையைக் கழுவி, இயந்திரத்தைத் துடைத்து, பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் அடிப்பது வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை லேத் முழுச் சுத்தமாவது அன்றுதான் என்பதால் இது நல்ல வழக்கமே. ஆனால் கவனமில்லாத தூரிகை எண்ணெய்த் துளையின் வாயையும் குறிப்புத் தகட்டையும் ஒன்றாகவே மூடிவிடுகிறது. பழைய லேத்தைப் பிரித்துச் சீரமைப்பவர்கள் வண்ணத்தைச் சுரண்டும்போது, இப்படி ஒரு துளை இருந்ததே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடியிருப்பதைக் காண்பது உண்டு.

எண்ணெய் விடாததன் விலை உடனே தெரிவதில்லை. பெரும்பாலான வேலை சக்கை ஒட்டியே நடப்பதால், பெட் அந்தப் பக்கத்தில் மட்டும் குழிந்து தேய்கிறது. பிறகு நீளமான தண்டைக் கடைந்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் விட்டம் மாறி ‘டேப்பர்’ விழுகிறது. வாகன ஆலை கேட்பது நூறில் இரண்டு மில்லிமீட்டருக்குள் துல்லியம். அதைத் தாண்டினால் பொருள் திரும்பி வரும். ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைக்கு ஒரு பெட்டி ரிஜெக்ட் என்பது அந்த வாரக் கூலி. இங்கே ஒரு முரண் உண்டு. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் டர்னருக்கு, காலையில் பத்து நிமிடம் எண்ணெய் விடுவது அவ்வளவு துண்டுகளை இழப்பது. எண்ணெய் விடாததால் வரும் இழப்போ சில ஆண்டுகள் கழித்து முதலாளியின் கணக்கில் விழும். அந்தப் பத்து நிமிடத்துக்குக் கூலி கொடுக்காத பட்டறையில் டர்னரைக் குறை சொல்வது நியாயமல்ல.

கிரீஸ் அடித்த துளை

பழைய லேத்துகளுக்கு நேர்ந்த கேடுகளில் மிகப் பரவலானது நல்லெண்ணத்தில் செய்யப்படுவது. பந்து முனையின் குண்டோ வில்லோ தொலைந்துபோகும். அதே முனை கடையில் எளிதில் கிடைக்காது, கிரீஸ் நிப்பிள் எந்த வாகன உதிரிக் கடையிலும் கிடைக்கும். துளையில் டேப் போட்டு மரை வெட்டி நிப்பிளைத் திருகி, கிரீஸ் கன்னால் அடித்துவிடுகிறார்கள். பார்க்கப் புதிது போலிருக்கும்.

உள்ளே நடப்பது வேறு. எண்ணெய் ஓடுவதற்காக வெட்டிய மெல்லிய பள்ளங்களில் கிரீஸ் போய் இறுகுகிறது. ஃபெல்ட் திரி இருந்தால் அதன் நுண்ணிழைகள் அடைபட்டு உறிஞ்சுவதை நிறுத்துகின்றன. வேகமாகச் சுழலும் ஸ்பிண்டிலின் புஷ்ஷில் இடைவெளி சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர்தான். அங்கே வேண்டியது மெல்லிய எண்ணெய். எண்ணெய் ஓடினால் வெப்பத்தையும் பொடியையும் வெளியே கொண்டுபோகும். கிரீஸ் இரண்டையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். பின்னர் தவறு தெரிந்து எண்ணெய் விட்டாலும் அது கிரீஸ் அடைப்பைத் தாண்டிப் போகாது. பிரித்துக் கழுவுவது ஒன்றே வழி.

நிப்பிள் இருந்தாலே கிரீஸ்தான் என்று கொள்வதும் தவறு. இங்கிலாந்தின் மைஃபோர்டு லேத்துகளில் நிப்பிள்கள் உண்டு. ஆனால் அவற்றில் செலுத்த வேண்டியது எண்ணெய், அதற்கெனத் தனி எண்ணெய்த் துப்பாக்கி தருவார்கள்.

எண்ணெயின் வகையிலும் இதே குழப்பம் உண்டு. பட்டறையில் ‘68 ஆயில்’ என்றால் எல்லாருக்கும் புரியும். அந்த எண் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெயின் பாகுநிலையைக் குறிக்கும் பன்னாட்டு அளவு. எண் ஒன்றாக இருந்தாலும் ஹைட்ராலிக் எண்ணெயும் வழித்தடத்துக்கான எண்ணெயும் ஒன்றல்ல. பின்னதில் ஒட்டிக்கொள்ளும் தன்மைக்கான சேர்மானம் இருக்கும். வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை வழித்தடத்தில் விடுவதோ, தேய்மானத்தில் பிறந்த பொடியையும் அமிலத்தையும் சேர்த்து விடுவதாகும். அது விலையில்லாமல் கிடைப்பதால் அந்தப் பழக்கம் மறையவில்லை.

உருளை கடையும் லேத்துகள்

கிரீஸுக்கும் உரிய இடம் உண்டு. அந்த இடங்களில் ஒன்று கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் வளாகத்திலும் சுற்றிலும் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் பல உள்ளன. கட்டடக் கம்பி உருளைகளுக்கு நடுவே பிதுங்கி வருகிறது. உருளையின் பள்ளம் தேயும்போது கம்பியின் அளவு கெடும். ஆகவே உருளைகளைக் கழற்றி அவ்வப்போது மீண்டும் கடைய வேண்டும். இதற்கான ரோல் டர்னிங் லேத் சாதாரண லேத்தைவிடப் பல மடங்கு கனமானது. மிக மெதுவாகச் சுழன்று ஆழமாக வெட்டுவது.

டவர் கண்ட எண்ணெய்ப் படலம் உருவாக வேகம் வேண்டும். வேகம் குறைந்து எடை கூடினால் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும். அப்போது மெல்லிய எண்ணெய் பிதுங்கி ஓடிவிடும். தடித்த எண்ணெயோ கிரீஸோதான் நிற்கும். மாட்டுவண்டி அச்சுக்குக் கரி குழைத்த கெட்டி மையைத் தடவியவர்களின் தேவையும் இதுவே. மெதுவான சுழற்சி, கனத்த எடை, தூசி நிறைந்த சூழல். உருக்காலையில் தூசியும் அத்தகையது. சூடான இரும்பிலிருந்து செதில் செதிலாக உதிரும் ஆக்சைடு காற்றில் மிதந்து திறந்த துளை எதுவானாலும் இறங்கும். பேரிங்கின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் கிரீஸ் வளையம் அங்கே அழுக்கல்ல, தூசியைத் தடுக்கும் அரண். மற்ற இடங்களில் துடைத்துவிடச் சொல்லும் அதே பிசுக்கை இங்கே விட்டுவைக்க வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் நீர் புகுந்தது. பல பட்டறைகளில் இயந்திரங்கள் மூழ்கின. மோட்டாரும் மின்பலகையும் கெட்டது உடனே தெரிந்தது. எண்ணெய்த் தொட்டிகளின் கேடு மறைந்திருக்கக்கூடியது. மூழ்கிய தொட்டிக்குள் புகும் நீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்குகிறது, எண்ணெய் மேலே மிதக்கிறது. வட்டக் கண்ணாடியில் எண்ணெய் நிறைந்திருப்பதாகவே தெரியும். பம்ப் அடியிலிருந்து உறிஞ்சுவதோ நீரை. அதை நம்பி ஓட்டினால் எண்ணெய் மோர் போல வெளுத்து, பேரிங் துருப்பிடித்துத் தேயும். வடிகால் திருகைத் தளர்த்தி முதலில் என்ன வருகிறது என்று பார்ப்பதே சோதனை. ஆண்டுக்கணக்கில் தொடாத அந்தத் திருகு பல லேத்துகளில் வண்ணத்துக்கு அடியில் கிடக்கும்.

திறந்த துளையுள்ள பழைய கோன் புல்லி லேத்துகள் இத்தகைய வெள்ளத்தை எளிதாகத் தாங்கும். அவற்றில் நீர் தேங்கத் தொட்டியே இல்லை. துடைத்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புதிய எண்ணெய் விட்டால் ஓடத் தொடங்கிவிடும்.

ஒரே இழுப்பும் அதன் பிறகும்

சிதறிக் கிடந்த துளைகளை ஒன்றாக இணைக்கும் எண்ணமும் மோட்டார் காரிலிருந்தே வந்தது. அமெரிக்காவில் ஜோசப் பிஜூர் 1920களில் காருக்காக உருவாக்கிய முறையில், ஒரு பம்பை ஒருமுறை இழுத்தால் குழாய்கள் வழியே எல்லா இடத்துக்கும் அளவான எண்ணெய் போகும். காரில் அது மறைந்துவிட்டது, இயந்திரங்களில் நிலைத்தது. பட்டறைகளில் இதற்கு ‘ஒன் ஷாட்’ என்று பெயர். சேடிலின் ஓரத்தில் உள்ள கைப்பிடியை ஷிப்ட் தொடக்கத்தில் இழுத்தால் போதும். பத்துத் துளைகளை நினைவில் வைத்திருந்த டர்னர் இப்போது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதுமானது.

சி.என்.சி. லேத் அந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டது. மோட்டார் பம்ப் குறித்த இடைவெளியில் தானே எண்ணெய் செலுத்துகிறது. தொட்டியில் எண்ணெய் குறைந்தால் திரையில் எச்சரிக்கை வருகிறது, நிரப்பும்வரை சில இயந்திரங்கள் அடுத்த சுழற்சியைத் தொடங்குவதில்லை. ஆனால் தொட்டியின் மட்டத்தை மட்டும் பார்க்கும் அமைப்புக்கு, நடுவில் ஒரு நைலான் குழாய் அறுந்து எண்ணெய் வழித்தடத்துக்குப் போகாமல் கூலன்ட் தொட்டியில் கொட்டினால் தெரியாது. கூலன்ட்டின் மேல் வழக்கத்துக்கு மாறாக எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்டு சந்தேகப்படுபவர், கேன் பிடித்துப் பழகிய பழைய டர்னராகவே பெரும்பாலும் இருக்கிறார்.

அவர் பழகிய லேத்துகள் ஒவ்வொன்றாகக் காயலான் கடைக்குப் போகின்றன. வாங்குபவர் முதலில் கழற்றுவது பித்தளை எண்ணெய்க் கிண்ணங்களையும் வெண்கலப் புஷ்களையும்தான். எடைக்கு எடை அவற்றின் விலை இரும்பைவிடப் பல மடங்கு. எஃகுத் தண்டுகளும் ஸ்குரூக்களும் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களின் உலைகளுக்கும், வார்ப்பிரும்பு பெட் உடைக்கப்பட்டு வார்ப்படச் சாலைக்கும் போகும். சேடிலைப் புரட்டிப் போட்டு உடைக்கும்போது அதன் அடிப்பக்கம் தெரியும். எண்ணெய் பரவுவதற்காக வளைவாக வெட்டிய பள்ளங்களும், படலம் தங்குவதற்காகச் சுரண்டி இட்ட பிறை வடிவத் தடங்களும் அதில் இருக்கும். தேய்ந்த லேத்தில் சக்கின் பக்கம் உள்ள தடங்கள் அழிந்திருக்கும், மறுபக்கத்தில் அவை புதிது போலவே இருக்கும்.